வெள்ளி பூசிய சில்வண்டு இறக்கை

1.
முதுகு வலிக்கிறது. கொழுந்துக் கூடை தூக்கி வந்த வலியல்ல. இந்தக் கதைக்கு முதல் வரி தேடி நாற்காலியில் குந்தியிருந்த வலி. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் சொன்னால் சிரிப்பார்கள். கதையும் என்னுடையதல்ல. 2007இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டன் பஸ்ஸில் வினோதா சொன்னது. அக்கரப்பத்தனைக்காரி; கெம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், ஆராய்ச்சி செய்பவள். மடியில் ஒரு பிஸ்கட் டப்பா.

2.
மூடுபனி மலைகளைத் தழுவிய அந்தக் காலையில்—

(அடித்துவிட்டேன். கொழுந்து பறிப்பவளைப் பனி தழுவாது, விரலைக் கடிக்கும்.)

மறுபடி. கொழுந்து கழுவிய தண்ணீரில் பூச்சிமருந்து மிச்சமிருக்கிறதா என்று வினோதா பார்க்க வேண்டும். லேசரை அடித்தால் ஒவ்வொரு பொருளும் துளி ஒளியைத் தனக்கே உரிய நிறமாற்றத்தோடு திருப்பும். ராமன் விளைவு. ஆனால் அது வெறும் முணுமுணுப்பு. கண்ணுக்குத் தெரியாத முட்கள் நிறைந்த பரப்பில் வெள்ளித் துகளைப் படலமாகப் படியவிட்டால், முணுமுணுப்பு கூச்சலாகும். [இரண்டு மலைக்கு நடுவே நின்று, வேலை வாங்கும் கண்டாக்கையா கத்துவதுபோல. உவமை பிடிக்காவிட்டால் நீங்களே மாற்றுங்கள்.]

அப்படிப்பட்ட முட்கள் சில்வண்டு இறக்கையில் பிறவியிலேயே உண்டு. இறக்கை தோட்டத்தில் கிடைத்தது. வெள்ளி ஆய்வுகூடத்தில் தீர்ந்திருந்தது. அவள் அம்மா வீரம்மா தன் கொலுசிலிருந்து ஒரு மணியைக் கழற்றிக் கொடுத்தாள்.

3.
அந்த மணியின் வெள்ளி ஏறிய இரண்டு இறக்கைகளோடு வினோதா வீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமை கொழும்பில் அந்த லேசர் மெஷின் அவளுக்கு ஒதுக்கியிருந்தது. தவறினால் அடுத்த வருசம்தான். குளித்துவிட்டு வந்து பார்த்தால், வீரம்மா கையில் ஓர் இறக்கை.

“யம்மா! என்னா பண்றீங்க?”

“என் வெள்ளிடி இது. கறுத்துக் கெடக்கு. துன்னூறு போட்டுத் தேச்சா பளபளன்னு வந்துரும்.”

“அது கறுப்பாத்தான் இருக்கணும்! துகளு துகளா ஒட்டுனா அப்புடித்தான் தெரியும்!”

“வெள்ளியக் கறுப்பாக்கத்தான் கெம்பஸுக்கு அனுப்புனனா?”

தேய்த்ததில் வெறும் இறக்கைதான் மிஞ்சியது.

“எங்கடி என் வெள்ளி?”

“ஒங்க வெரல்ல.”

(இங்கே வீரம்மாவை அழவைக்க நினைத்தேன். பஸ்ஸிலேயே கேட்டும் விட்டேன். “அழுவுறதா? அடுப்புல ரொட்டி கருகுதுன்னு ஓடிட்டாங்கண்ணே!” வினோதா சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ரொட்டி கருகியதால்தான் இரண்டாவது இறக்கை தப்பியது. அதுதான் டப்பாவில்.)

4.
ஹட்டனில் டப்பாவை இரு கையாலும் பிடித்தபடி ரயிலுக்கு ஓடினாள். மிச்சத்தை நான் கேட்கவில்லை; கேட்டால் கதை முடிந்துவிடும்.

முடிவு அ: மெஷின் திரையில் பூச்சிமருந்தின் கோடுகள் எழும்புகின்றன.

முடிவு ஆ: வீட்டில் பறந்த திருநீறு இதிலும் ஒட்டி, மெஷின் அதையே—

எது வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள். அவள் கிளம்பும்போது வீரம்மா வாசலில் நின்று சொன்னதை மட்டும் மாற்றாதீர்கள்:

“கோடு வந்தாலும் வராட்டியும் என் கொலுசுக்கு மணி வந்துரணும்.”

வினோதா தன் அம்மாவுக்கு ஒரு வெள்ளி மணி பாக்கி.