மழைக்கு முந்திய காற்று

ஹோட்டலில் இருந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் அலறின.

சாயா குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் திடுக்கிட்டு உதட்டைச் சுட்டுக்கொண்டார். மேஜை மேலிருந்து, சட்டைப்பைகளிலிருந்து, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து அதே கீச்சுக் குரல். இசக்கிராஜா பரோட்டா மாவை வீசிய கையை அப்படியே நிறுத்தினான். மாவு கல்லின் விளிம்பில் விழுந்து தொங்கியது.

எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுத் தன் போனை எடுத்தான். திரை முழுக்க மலையாளம். திருநெல்வேலியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து இரண்டு வருடமாகியும் பேச்சு ஓரளவு பிடிபட்டதே தவிர எழுத்து பிடிபடவில்லை.

“ஷபானா, இது என்ன எழவு? சண்டை கிண்டை வந்துட்டா?”

கல்லாவில் இருந்த ஷபானா சிரித்தாள். அவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் இதே பஜார் ரோடு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம்.

“சண்டையும் இல்ல, கல்யாணமும் இல்ல மாஸ்டர். மழ வருது. காத்தையும் இடியையும் கூட்டிட்டு வருதாம். எர்ணாகுளம் ஜில்லாவுக்கு முன்னறிவிப்பு.”

“வரட்டும், வரட்டும்.” இசக்கிராஜாவின் முகம் மலர்ந்தது. “லட்சுமிக்கு நல்லது. தூசியெல்லாம் அடங்கும்லா.”

லட்சுமி என்றால் செல்வலட்சுமி, அவன் மனைவி. மார்ச் பிறந்ததிலிருந்து அவளுக்கு மூச்சு சரியில்லை. சுக்குக் குடோனில் சாக்கு தைக்கப் போய்க்கொண்டிருந்தாள். அந்தத் தூசிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். வேலையை விட்டாள். அப்படியும் இரண்டு முறை வீட்டிலேயே மூச்சு முட்டி விழுந்தாள். இரண்டாவது முறை உதடு நீலம் பாய்ந்துவிட்டது. இன்னொரு தரம் இப்படி வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நேரம் கிடைக்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

“அக்கா இப்போ எப்படி இருக்காங்க?” என்றாள் ஷபானா.

“ரெண்டு நாளா தேவலாம். போன ரெண்டு தடவையும் இந்த மழைதான் நம்மள ஏமாத்திட்டு. இடி இடிக்கும், காத்து தூக்கும், மழை மட்டும் வராது. அதுக்குள்ள அவ கெடந்து இழுப்பா. நல்லா கொட்டுன பொறவுதான் சரியாவும். முந்தியே பெஞ்சிருந்தா அவ இவ்வளவு பாடு படணுமா?”

ஷபானா சில்லறை டப்பாவை மூடினாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“அவரு எங்க நிதானமாச் சொன்னாரு? வெளிய நூறு பேரு நிக்கான். ‘வீட்டின்றெ அடுத்து காத்தாடி உண்டோ’ன்னு கேட்டாரு. உண்டு சாரேன்னேன். ‘அதா பிரச்னம்’னாரு. அதுக்குப் பக்கத்துல இவளைப் படுக்க வைக்கக் கூடாதாம். அப்ப எடுத்துரவா சாரேன்னு கேட்டேன். மனுசன் சிரிச்சுட்டு, ‘எடுக்கான் பற்றுமெங்கில் ரொம்ப நல்லது’ன்னாரு. எடுக்க முடிஞ்சா நல்லதாம்.”

“எடுத்துட்டீங்களா?”

“அன்னைக்கே எடுத்தாச்சு.”

“ஆள் வச்சா?”

“இதுக்கு எதுக்கு ஆளு? நானே ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்க்ரூவைக் கழட்டி, கட்டிலுக்கு அடியில போட்டுட்டேன்.”

ஷபானா அவனையே பார்த்தாள்.

“மாஸ்டர், கட்டிலுக்கு அடியில என்னத்தப் போட்டீங்க?”

“காத்தாடியைத்தான். உத்தரத்துல சுத்துமே, அதை. அது தூசியைக் கெளப்பி மூஞ்சியில அடிக்குன்னு டாக்டரே...”

“ஐயோ, அது ஃபேன்!” அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “இங்க காத்தாடின்னா மரம், மாஸ்டர். ஊசி ஊசியா எல இருக்கும், காத்தடிச்சா ஊளையிடும்.”

இசக்கிராஜாவுக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர்கள் குடியிருந்தது காயலோரத்தில், ஒரு பழைய குடோனின் பின்பக்கத்து அறையில். ஜன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது அந்த மரம்தான். கூரையைவிட மூன்று மடங்கு உயரம்.

“சவுக்கு மரம்லா அது?” என்றான் மெல்ல.

“உங்க ஊர்ல சவுக்கு. அது இப்போ பூத்திருக்கா?”

“பூவெல்லாம் ஒண்ணும் காணல. நுனியெல்லாம் கொஞ்சம் பழுப்பா இருக்கு. காயப் போட்ட துணியிலதான் மஞ்சளா ஒரு பொடி. முன்பக்கத்துக் குடோன்ல மஞ்சள் அரைக்கிறான்னு நெனச்சோம்.”

“அந்தக் குடோனைப் பூட்டி நாலு வருஷம் ஆச்சே!”

அவன் அடுப்பின் தீயைக் குறைத்தான்.

“என் தம்பிக்கும் இதே இழுப்புதான்” என்று ஷபானா படபடத்தாள். “அந்தப் பழுப்பு நுனிதான் பூ மாஸ்டர், மஞ்சப் பொடி அதோட மகரந்தம். வெயில்ல காஞ்சு மரத்துலயே தங்கி நிக்கும். மழக்கு முன்னாடி ஒரு காத்து வரும் பாருங்க, அது மொத்தத்தையும் உதறிவிடும். காஞ்ச பொடியாச்சும் மூக்கோட நிக்கும். ஈரம் பட்டுதுன்னா பொடி வெடிச்சு நொறுங்கி, கண்ணுக்கே தெரியாம நேரா நெஞ்சுக்குள்ள எறங்கிடும். நல்லா கொட்டித் தீத்தாத்தான் அடங்கும். மழ தொடங்குற நேரம்தான் ஆளைக் கொல்லும்னு அவன் டாக்டர் சொல்லிருக்காரு.”

வெளியே ஏதோ தகரம் பறந்து தெருவில் விழுந்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நாலு மணி வெயில் எங்கோ போயிருந்தது. எதிர்க்கடைக்காரர் மிளகுச் சாக்குகளை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

ஃபேனைக் கழற்றிய அன்றைக்கே, புழுங்குமே என்று கயிற்றுக் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டவனும் அவன்தான். இசக்கிராஜா போனை அழுத்தினான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் எடுக்கவில்லை.

“நீங்க போங்க. கல்லை நான் பாத்துக்கறேன்” என்றாள் ஷபானா. “வாய மூக்கத் துணியால கட்டிக் கூட்டிட்டு வாங்க. ஆட்டோவை அனுப்பறேன். போங்க மாஸ்டர்!”

அவன் ஓடினான். பஜார் ரோட்டில் லாரிகள் முட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு ஸ்கூட்டர்கூட நுழைய வழியில்லை. சுவரை உரசிக்கொண்டு ஓடினான். காயல் பக்கமிருந்து வந்த காற்று சட்டையை முதுகோடு ஒட்ட வைத்தது. வழியில் இரண்டு பெண்கள் வாசலில் நின்று முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து, “ஆஹா, என்ன சுகம்!” என்றார்கள். அந்தக் காற்றை இழுக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

மறுபடி அழுத்தினான். எடுக்கவில்லை.

சந்து திரும்பும் இடத்தில் அந்த ஊளை கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். தூங்க வைக்கிற சத்தம் என்று லட்சுமி சொல்வாள். குடோன் கூரைக்கு மேலே மரத்தின் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. ஒவ்வொரு சாய்வுக்கும் அதிலிருந்து மெல்லிய புகைபோல ஒன்று பிரிந்து, கறுத்த வானத்தின் முன்னால் மஞ்சளாக நின்று, பிறகு கீழே இறங்கியது.

முதல் துளி அவன் நெற்றியில் விழுந்தது. பெரிய, வெதுவெதுப்பான துளி. அடுத்தது விழ நேரமானது.

கையில் இருந்த போன் அடித்தது. லட்சுமி!

“ஏங்க, ரெண்டு தடவை கூப்பிட்டீங்களா? சத்தத்துல கேக்கல.”

“லட்சுமி, பேசாம நான் சொல்றதக் கேளு. ஜன்னலைச் சாத்து. உடனே சாத்து!”

“அதெல்லாம் காத்து கெளம்பவுமே சாத்தியாச்சு. ஒரே குப்பையா உள்ள அடிச்சுது.”

இசக்கிராஜா நின்றான். சுவரில் கையை ஊன்றி மூச்சு வாங்கினான். கடவுளே, சாத்திவிட்டாள்.

“நீங்க ஏன் இப்படி இரைக்கிறீங்க?” என்றாள் அவள். சொல்லி முடிப்பதற்குள் இருமினாள். இருமல் நிற்கவில்லை. அதற்குப் பின்னால், போனுக்குள்ளும் அந்த ஊளை, சந்தில் கேட்டதைவிடப் பலமாக.

“லட்சுமி, கதவும் சாத்தியிருக்கா? நீ எங்க இருக்க?”

“ஃபேனும் இல்லாம உள்ள வெந்துபோச்சுங்க... அதான் கட்டிலத் தூக்கியாந்து... மரத்தடியில போட்டுப் படுத்திருக்கேன்.”