மழுங்காத படி

என் வீட்டுக்காரர் கருங்கல் அறுத்துப் பதிக்கிறவர். அவர் வெட்டிய ஓரத்தில் நகத்தை இழுத்தால் நகம் சீவிக்கொண்டு வரும். அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. மற்றவர்கள் ஓரத்தைத் தேய்த்து உருட்டித்தான் கொடுப்பார்கள். “நேரா வெட்டத் தெரியாதவன்தான் தேய்ப்பான்” என்பார். ஊரார் வீட்டில் வேண்டாவெறுப்பாகத் தேய்த்துக் கொடுத்தவர், சொந்த வீட்டு வாசற்படியை மட்டும் கத்தி மாதிரி விட்டுவைத்தார்.

அந்தப் படியில்தான் என் மூத்தவள் விழுந்தாள். நாலு வயது. நெற்றிப்பொட்டில் அடி. அதற்கு மேல் எனக்குச் சொல்ல வராது.

காரியம் முடிந்த கையோடு மனிதர் தேய்ப்புக்கல்லும் தண்ணீருமாக உட்கார்ந்தார். கை புண்ணாகும்வரை தேய்த்தார். ஓரம் வழவழவென்று உருண்டது. காலையில் பார்த்தால் மறுபடியும் அதே கூர் என்றார். பொய் சொல்கிறாரென்று நானே தொட்டேன். விரல் கிழிந்தது. மறுநாளும் தேய்த்தார். மறுநாளும் அப்படியே.

“பேத்து எறிங்க அந்தக் கல்லை!”

“எறிஞ்சுட்டா அவ எங்க போவா?” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தபோது வராத அக்கறை!

அதற்குள் சின்னவன் தத்தக்கா பித்தக்கா என்று நடக்கத் தொடங்கிவிட்டான். எதைக் கொடுத்தாலும் போட்டுவிட்டு அந்தப் படிக்கே போவான். நாத்தனார் பார்த்துவிட்டு என்னை ஓரமாக அழைத்தாள்.

“அண்ணி, அவ தம்பியத் துணைக்குக் கூப்பிடறா.”

என் வயிற்றில் பிறந்தவளைக் கண்டே நான் பயந்தேன். அதைவிடப் பாவம் உண்டா?

“இன்னைக்கே கல்லு போகணும். இல்லேன்னா நானும் புள்ளையும் போறோம்” என்றேன். அவர் கொல்லைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தார். நான் திரும்புவதற்குள் சின்னவன் வாசலுக்கு ஓடி, தடுக்கி, தலைகுப்புற விழுந்தான். நெற்றி நேராக ஓரத்தில்.

எனக்கு உயிர் போய்விட்டது.

அவனோ சிரித்தான். வாரி எடுத்துப் பார்த்தேன். கீறல்கூட இல்லை. நெற்றியில் சிவப்பாக நாலு விரல் தடம், குறுக்காக. என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத விரல்கள்.

கடப்பாரையோடு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“பேக்கட்டுமா?”

பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியருகே மண்டியிட்டேன்.

“கை ரொம்ப வலிக்குதாடி, கண்ணு?” என்று அந்த ஓரத்தில் வாயை வைத்து ஊதினேன்.