அக்கா மறந்ததும் சொன்னதும்

அக்கா எதை மறக்கிறாளோ அது எங்கள் வீட்டிலிருந்து போய்விடும். புரட்டாசியில் அம்மிக்கல் போயிற்று. ஐப்பசியில் பின்அறை போயிற்று. அதற்குள் பரப்பி வைத்திருந்த வடகமும் சேர்ந்து போனது. அறை இருந்த இடத்துக்குப் பக்கத்து வீட்டுச் சுவர் நகர்ந்து வந்தது. பக்கத்து வீட்டு கமாலுதீன் பாய் அந்தச் சுவரின் எங்கள் பக்கத்துக்கும் மரியாதையாகச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார்.

மதுராந்தகத்தில் அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். அக்கா தனபாக்கியத்துக்கு அறுபத்திரண்டு, எனக்கு ஐம்பத்தொன்று. என் கவலை அறைகளைப் பற்றி அல்ல. அறைகள் தீர்ந்தால் அடுத்தது நான். அதனால் காலையில் பல் விளக்கியதுமே ஆரம்பித்துவிடுவேன். "இது என்னக்கா? இன்னைக்கு என்ன கிழமை? அப்பா பேரு ஞாபகம் இருக்கா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று போனது. தோசைக்கல் போனது. ஜன்னல் போனது. கார்த்திகையில் என் இடது காது போனது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை, பொறுக்க மாட்டாமல், "என் பேரு என்னக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா எனக்கு ஒரு மணையை நகர்த்திப் போட்டாள். "நீங்க எந்த ஊரு? சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

கணுக்காலுக்குக் கீழே எனக்கு ஒன்றும் இல்லை.

ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் ரெஜினா என் கால்களைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டாள். "ஞாபகம் இருக்கான்னு கேக்கறத நிறுத்துங்கம்மா. கதை படிச்சுக் காட்டுங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு மட்டும் கேளுங்க. அதுக்குத் தப்பான பதிலே கிடையாது."

"நான் ஏழாவதோட நின்னவ சிஸ்டர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்."

"அவங்க என்ன, ரயிலா பிடிக்கணும்?"

நூலகத்தில் எனக்கேற்ற பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்ததால் யாரும் அதை எடுப்பதில்லை. அன்று சாயங்காலமே விரல் வைத்துப் படித்தேன். கதையில் ஒருத்தி முழுப் பலாப்பழத்தோடு கொட்டும் மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறாள். நான் ஒரு நீளமான சொல்லில் மாட்டிக்கொண்டு நாலு தடவை திரும்பத் திரும்பப் படித்தேன்.

"சீக்கிரம் படியேன்டி," என்று அக்கா அதட்டினாள். "பாவம், எவ்வளவு நேரந்தான் நனைவா?"

அந்த 'டி' வந்ததும் என் பாதங்கள் வந்தன.

தினமும் படித்தேன். நாற்பதாம் பக்கத்தில் புத்தகம் அறுந்துபோனது. அவள் இன்னும் மழையில்தான் நின்றாள்.

"அப்புறம் என்ன ஆச்சுக்கா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இந்தக் கேள்விக்கும் ஏதாவது போய்விட்டால்?

"பஸ் வர்ற வரைக்கும்னு எதிர்வீட்டுல ஒதுங்கினா," என்றாள் அக்கா. "அந்த வீட்டுப் பின்அறையில வடகம் காயுது."

பின்அறை வந்தது. வடகம் நன்றாகக் காய்ந்திருந்தது. பிறகு கதையில் ஜன்னல் வந்தது, தோசைக்கல் வந்தது, ஒட்டுக்கேட்பதற்கு ஒரு காது வந்தது. அக்கா அதோடு நிறுத்தவில்லை. எங்களுக்கு எப்போதுமே இல்லாத மூன்று அறைகளையும் சொன்னாள். கமாலுதீன் பாய் தன் சுவரைத் தானே நகர்த்தினார். "அவங்களே சொல்லிட்டாங்க, இனி நாம என்ன பண்றது?" என்றார். நான் இன்னொரு துடைப்பம் வாங்கினேன்.

மாசி முடிவதற்குள் தெருவில் மறதி வந்தவர்கள் எல்லாரும் அந்தப் புது அறைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் படிப்பேன், அவர்கள் முடிப்பார்கள். தெரு பெருமாள் கோயில் வரை நீண்டுவிட்டது.

என் பேரை மட்டும் அக்கா சொல்லவே இல்லை. கேட்டுவிடாமல் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி முதல் நாள், "அந்தப் பலாப்பழக்காரிக்கு பஸ் வந்துச்சாக்கா?" என்றேன்.

"இந்த மழையில பஸ் எங்கடி வரும்? கப்பல்தான் வரும்."

மறுநாள் காலை கொல்லைப்புறத்துக்கு மூன்றடுக்குக் கப்பல் ஒன்று வந்தது. எங்கே கட்டுவது என்று கேப்டன் மேல்தட்டிலிருந்து கேட்டார். அக்கா இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் முருங்கை மரத்தைக் காட்டினாள்.

"பக்கத்துல நிக்கிற அம்மா யாரு?" என்றார் கேப்டன்.

"என் தங்கச்சி, பூங்காவனம். எதுக்கெடுத்தாலும் பயப்படுவா. ஹாரன் அடிக்காம வாங்க."

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். நான் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து வழி விட்டேன்.