வெயில் தாங்காத ஒட்டு

அந்தப் படகுப் பட்டறையில் அக்கா ஒட்டினால் ஒட்டினதுதான். மற்றவர்கள் பசை காய்ந்த பிறகும் திருகாணிகளை அப்படியே விட்டுவைப்பார்கள். அவளோ ஒன்றுவிடாமல் கழற்றி, துளைகளை அடைத்துவிடுவாள். "என் ஒட்டுக்கு இரும்பு முட்டுக் கொடுக்கணுமா?" என்பாள். தலைக்கனம்தான். இருபது வருஷமாக ஒரு மூட்டுகூட விட்டதில்லை என்றால் யாருக்குத்தான் வராது?

தம்பியின் மரப்படகையும் அப்படித்தான் ஒட்டினாள். பசை கெட்டியான பிறகு மேல்தளத்தைத் தார்ப்பாயால் மூடி, ஹீட்டர் வைத்து ஒரு நாள் முழுக்கச் சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டைப் பார்த்த பசைதான் பிற்பாடு வெயிலைத் தாங்கும். தம்பியோ காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான். "விடுக்கா, குளிர்காலம்தானே" என்றான். வெள்ளைப் பெயிண்ட்தானே அடிக்கப்போகிறான், தளம் அவ்வளவாகச் சுடாது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவன் கருப்பு அடித்தான். வெள்ளை கண்ணைக் கூசுகிறதாம்.

கோடை வந்ததும் அக்கா அந்தக் கருப்புத் தளத்தில் கை வைத்துப் பார்த்தாள்; சுட்டது. அதே பசையில், சூடு காட்டாமல், இரண்டு ஜோடி மரத்துண்டுகளை ஒட்டி ஒரு வாரம் காயவிட்டாள். ஒரு ஜோடிக்குக் கருப்பும் இன்னொன்றுக்கு வெள்ளையும் அடித்து, ஜோடிக்கொரு செங்கல்லைக் கட்டி வெயிலில் தொங்கவிட்டாள். வெள்ளை அசையவில்லை. கருப்பு படீரென்று உடையவும் இல்லை. மதியம் மூன்று மணிக்குள் சத்தமே இல்லாமல் ஒரு விரல்கடை வழுக்கியிருந்தது. பிதுங்கியிருந்த பசையில் நகம் பதிந்தது.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை தம்பி மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தான். அக்கா கரையில் நின்று கையசைத்தாள். சொல்ல வந்ததை மென்று முழுங்கினாள். சாயங்காலம் சொல்லலாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மையில் வெட்கம்தான் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

சனிக்கிழமை காலை மூவரும் பைகளோடு வந்தார்கள். எதிரே இருக்கும் தீவுக்கு இரண்டு நாள் பயணம். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. தம்பியைப் பட்டறைக்குள் இழுத்துப்போய், வழுக்கிய மரத்துண்டுகளைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் படகின் தளத்துக்கு அடியில் படுத்தபடி நுழைந்தான். அக்காவும் பின்னால் நுழைந்தாள். மூன்றாவது குறுக்குச் சட்டம் பக்கப் பலகையை விட்டு விலகியிருந்தது. தம்பி இடைவெளியில் நகத்தை விட்டுப் பார்த்தான். நகம் உள்ளே போயிற்று.

"இதுக்கு மேலதான் பாப்பா உக்காருவா" என்றான்.

வெளியே வந்தபோது அவன் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். குழந்தை ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டது.

"என்னங்க, லேட்டாகுதே?"

"எஞ்சின்ல ஏதோ கோளாறு. இன்னைக்கு வேணாம்."

அக்காவை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருஷத்துப் பேரை ஒரே பொய்யில் காப்பாற்றிக் கொடுத்துவிட்டான். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

"எஞ்சின் இல்லம்மா" என்றாள் அக்கா. "என் ஒட்டு. வெயில்ல விட்டுருச்சு. சூடு காட்டாம விட்டது நான்தான்."

"எப்பத் தெரியும் அண்ணி?"

"முந்தாநாளு."

தம்பி மனைவி தோளிலிருந்த பையைக் கீழே இறக்கினாள். "அப்ப நேத்து நாங்க போனப்ப?"

"தெரியும்."

தம்பி தரையைப் பார்த்தான். அவன் மனைவி கிட்டே வந்து, அக்காவின் கையிலிருந்து குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். பிறகு அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நடந்தாள்.

"அத்தை வரலையாம்மா?" என்று குழந்தை கேட்டது.