பதினோரு பேர் எழுதிய பலகை

"அட்மின் பாஸ்வேர்டைக் குடுங்கண்ணா. இன்னைக்கே வேணும்."

கடைக்குள் கால் வைத்ததும் சசிரேகா சொன்ன முதல் வார்த்தை இதுதான். குடையைக்கூட மடக்கவில்லை. கம்பி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி, ஜெகதீசன் நேற்றுத்தான் துடைத்து வைத்திருந்த தரையில் ஒரு குட்டிக் குளம் கட்டியது.

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவள் அம்மா ராஜகுமாரி மூன்று மாதமாகச் சொல்லி வந்தாள். இன்று காலையிலும் சொன்னாள். "அந்த மனுசன் சும்மா குடுத்திருக்காரு. சும்மா குடுத்தவருகிட்டப் போயி சாவி கேட்டா அவரு மூஞ்சி என்னாகும் புள்ள? கேக்காத. எது வேணா கேளு, அத மட்டும் கேக்காத." சசிரேகா தலையை ஆட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். தலையை ஆட்டுவதில் அவளுக்கு எப்போதுமே கஷ்டம் கிடையாது.

"மொதல்ல குடையை மடக்கு அம்மிணி. மெஷின் மேல தெறிக்குது," என்றார் ஜெகதீசன். குன்னூரில் அவர் வைத்திருப்பது சின்னக் கடைதான். முன்பக்கம் ஜெராக்ஸ், லேமினேஷன். பின்பக்கம் இரண்டு கம்ப்யூட்டரில் வெப்சைட் வேலை. முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி கலைமதி. அன்று ஞாயிற்றுக்கிழமை, சந்தைக் கூட்டம். கலைமதி யாருடைய ஆதார் கார்டையோ மெஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சசிரேகா குடையை மடக்கினாள். கோபம் மடங்கவில்லை.

கோபத்துக்குக் காரணம் 'கொழுந்துப் பலகை'. அது அவள் உண்டாக்கிய இணைய மன்றம். அவள் அப்பா தங்கையா சிறு பையனாக இலங்கையிலிருந்து வந்து இறங்கிய கீழ்ப்பாறை எஸ்டேட்டில், கல்லூரிக்குப் போய் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள்தான். படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். கிடைத்தது ஊட்டியில் ஒரு சாக்லேட் கடையில் பில் போடும் வேலை. மிச்ச நேரத்துக்கு எஸ்டேட் பெண்களுக்காக இந்தப் பலகை.

எஸ்டேட்டில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது தராசுக்காரர் சத்தமாகச் சொல்லும் கிலோ ஒன்று, சீட்டில் எழுதும் கிலோ இன்னொன்று. நடுவில் காணாமல் போவதற்குப் பெயர் தண்ணிக் கழிவு. இலை ஈரமாக இருக்கிறதாம், அதனால் நாலு கிலோ, ஐந்து கிலோ கழிப்பார்கள். மழை நாளில் சரி. வெயில் அடித்த நாளிலும் கழித்தால்? ஒருத்தி கேட்டால், "உன் ஞாபகம் தப்பு," என்பார்கள். எல்லோரும் தேதி போட்டு ஒரே இடத்தில் எழுதினால்?

முதலில் வாட்ஸ்அப்பில் போட்டுப் பார்த்தாள். காலை வணக்கத்து ரோஜாப்பூவுக்கும் சாமி படங்களுக்கும் அடியில் கிலோ எல்லாம் புதைந்து போயிற்று. அப்புறம் ஒரு இலவசத் தளத்தில் மன்றம் திறந்தாள். அதில் எண்களுக்கு நடுவே 'உங்கள் ஊர் அழகிகளுடன் பேசுங்கள்' என்று விளம்பரம் வந்தது. கொழுந்து பறிக்கும் வீரம்மா அக்கா அதைத் தொட்டுத் தொலைத்து, வெட்கத்தில் இரண்டு நாள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஜெகதீசன், "என்ற சர்வர்ல வெச்சுக்க. ஓசிதான்," என்றார். ஜூன் மாதம் முதல் அங்கேதான் இருந்தது பலகை.

புதன்கிழமை தொழிற்சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசப் போகிறார்கள். மூன்று மாத எண்களை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமையிலிருந்து தண்ணிக் கழிவுப் பக்கத்தைக் காணோம்.

"ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். கோளாறா அண்ணா?"

"இல்ல. நாந்தான் மூடுனேன்." ஜெகதீசன் பொய் சொல்கிற ஆள் இல்லை. "எஸ்டேட் ஆபீஸ்ல இருந்து போன் பண்ணுனாங்க. அவங்க டீத்தூள் விக்கற சைட்டும் நம்ம சர்வர்லதான இருக்குது? ஒரு ரூம்ல அவங்க டீத்தூளு, அடுத்த ரூம்ல அவங்களைத் திட்டறது. நீயே சொல்லு, நல்லாவா இருக்குது?"

"யாரும் திட்டலைங்கண்ணா. கிலோ எழுதியிருக்கு. கிலோவைப் பாத்தா அவங்களுக்குத் திட்டற மாதிரி இருந்தா நான் என்ன பண்றது?"

முன்பக்கத்தில் கலைமதி சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

"சரி, கேளு. அந்த ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிடறேன். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். காலம்பூரா ஓசி. வேணும்னா எழுதித் தர்றேன்."

"அந்தப் பக்கம் போச்சுன்னா மிச்சம் என்ன இருக்கு? எனக்குப் பாஸ்வேர்டு வேணும். பேக்கப் எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

"அது என்ற சர்வர் அம்மிணி. சாவியை எப்படிக் குடுப்பேன்?"

"சர்வர் உங்களது. எழுதுனது எங்களது."

"ஓசியில குடுத்ததுக்கு இதுவா மரியாதை?"

"வாடகை வாங்காத வீட்டுக்காரர் நினைச்ச நேரம் சட்டிபானையைத் தூக்கி வெளிய போடலாமா? அப்படின்னா வாடகைக்கே இருந்துட்டுப் போறோம்."

ஜெகதீசன் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கும் சூடு ஏறிவிட்டது. "எவன் நடத்தறான் இந்தக் காலத்துல ஃபோரம்? ஃபேஸ்புக்குல ஒரு பக்கம் போடு, யூடியூபுல பேசு. சல்லிக்காசு செலவில்ல. காசு குடுத்து ஹோஸ்டிங் வாங்கறதுக்கு உன் பின்னால என்ன ஒரு ஊரா இருக்குது? எண்ணிப் பாத்தேன், மொத்தமே பதினோரு பேரு!"

"பதினோரு பேரா?"

"பதினொண்ணு. அதுலயும் வீரம்மான்னு ஒண்ணு. மூணு மாசத்துல ஆயிரத்து எந்நூறு பதிவு. அது பொம்பளையா, மெஷினா? எங்க சாப்ட்வேரு ஸ்பேம், ஸ்பேம்னு கத்துது."

"அந்த வீரம்மாவை நம்ம கடைக்கு எடுங்க," என்றாள் கலைமதி திரும்பாமலே. "நான் ஒரு நாளைக்கு நாப்பது பக்கம் அடிக்கறதுக்குள்ள நாக்குத் தள்ளுது."

சசிரேகாவுக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்தது. "அண்ணா, ஒரு பதிவாவது கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்கீங்களா?"

"எனக்கெதுக்கு?"

"நான் படிச்சேன்," என்றாள் கலைமதி. இப்போது திரும்பியே விட்டாள். "எல்லாம் லெட்டர் மாதிரியில்ல முடியும்? 'இப்படிக்கு, ஏழாம் காம்பரா மாரியாயி'. 'இப்படிக்கு, பத்தாம் காம்பரா பாப்பம்மாள்'. அட்டைப்பூச்சி ஜாக்கெட்டுக்குள்ள போயி, கங்காணி முன்னாடி ஆட்டம் ஆடுனாங்களே, அது பாப்பம்மாதான?"

"அவங்களேதான் அக்கா."

ஜெகதீசன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு லயத்துல பதினெட்டு காம்பரா," என்றாள் சசிரேகா. லயம் என்கிற வரிசை வீடுகளின் ஒவ்வொரு அறைக்கும் அங்கே அதுதான் பெயர். "நல்ல போனு லயத்துக்கு ஒண்ணு. வீரம்மா அக்கா போன்ல வீரம்மா பேர்லதான் அத்தனை பேரும் போடுவாங்க. யார் எழுதுனாங்கன்னு தெரியணுமில்ல, அதான் கீழ கையெழுத்து. லெட்டர் எழுதிப் பழகுனவங்க. உங்க பதினோரு பேரு, பதினோரு லயம் அண்ணா. பெருக்கிப் பாருங்க."

அவர் பெருக்கிப் பார்ப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் உதடு அசைந்தது.

அப்போது சசிரேகாவின் போன் ஒரு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவள் முகம் மாறியது. மறுபடி அதிர்ந்தது. மறுபடியும்.

அவள் அவரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. காலை ஏழரை பஸ்ஸிலேயே முடிந்துபோன காரியம் அது. காட்டேரி ஊர் வளைவில் சிக்னல் கிடைத்ததும், ஆறு மாதம் பில் போட்டுச் சேர்த்த பணத்திலிருந்து ஒரு வருட ஹோஸ்டிங்கையும் ஒரு டொமைனையும் வாங்கிவிட்டாள். பணம் போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்ததும் அவள் போட்ட கூச்சலில் முன் சீட்டிலிருந்த கேரட் மூட்டைக்காரர் பயந்து எழுந்தே விட்டார். விளம்பரம் கிடையாது. யாரும் மூட முடியாது. லயங்களுக்கு முகவரியை அனுப்பி, 'இந்தத் தடவை அவங்கவங்க பேர்ல வாங்க, ஒரே போன்ல எத்தனை பேர் வேணா சேரலாம்' என்று சொல்லியிருந்தாள். பழைய எண்கள் இல்லாமல் அந்தப் புது வீடு காலியாகக் கிடக்குமே என்றுதான், அம்மா சொன்னதை மீறி இங்கே வந்து நின்றாள்.

போனில் வரிசையாக வந்தது. புதிய உறுப்பினர்: வீரம்மா. புதிய உறுப்பினர்: மாரியாயி. புதிய உறுப்பினர்: ஜெஸிந்தா. பிறகு முதல் பதிவு:

'ஜூலை 1. வெயில். தராசு 41. சீட்டு 36. இப்படிக்கு, ஏழாம் காம்பரா மாரியாயி.'

ஜூலை ஒன்றா? மூடிக் கிடக்கும் பக்கத்தில் இருந்த எண் எங்கிருந்து வந்தது?

இரண்டு நொடி திகைத்தாள். பிறகு கண்ணுக்குள் வந்தது வீரம்மா அக்கா வீட்டுக் கதவு. கதவில் மாதக் காலண்டர். பதினெட்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் போனில் அடிக்க முடியாது என்று, வேலை விட்டு வந்ததும் அவரவர் எண்ணை முதலில் காலண்டர் கட்டத்துக்குள் பென்சிலால் குறித்து வைப்பார்கள். அடித்த பிறகு ஒரு கோடு. கிழிந்து தொங்கும் அந்தத் தாளில் எறும்பு ஊர்கிற மாதிரி எண்கள். எத்தனையோ நாள் அதன் எதிரில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள். பதினோரு லயத்திலும் பதினோரு காலண்டர். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. டிகிரிக்காரிக்குத் தோன்றவில்லை, அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது!

'ஜூலை 2. தூறல். தராசு 38. சீட்டு 31.'

'ஜூலை 2. எனக்கும் ஏழு கிலோ அடிச்சாங்க. இப்படிக்கு, ஜெஸிந்தா.'

"அண்ணா, பாஸ்வேர்டு வேணாம்," என்றாள்.

"என்னது?"

"நீங்களே வெச்சுக்கங்க. நாங்க வேற இடத்துக்குப் போயாச்சு. காலையிலேயே."

"காசு கட்டியா? பைத்தியமா உனக்கு? அடுத்த வருசம் எவன் கட்டுவான்?"

"அடுத்த வருசம் நூத்தித் தொண்ணூத்தெட்டு பேர் கட்டுவாங்க. இல்லைன்னா நான் இன்னும் கொஞ்சம் சாக்லேட்டுக்குப் பில் போடறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "மூணு மாசம் இடம் குடுத்தீங்க. அதை இல்லைன்னு சொல்லல. ஆனா பாப்பம்மா அத்தையோட அட்டைக் கதை உங்க சர்வர்லதான் இருக்கு, அது காலண்டர்ல இல்ல. அதை அழிச்சுடாதீங்க. அவ்வளவுதான்."

ஜெகதீசன் மவுஸைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டின் போன் எண் இன்னும் மேஜைமேல் ஒரு துண்டுச் சீட்டில் கிடந்தது.

"இந்தா புள்ள." கலைமதி கணவரைத் தாண்டிக் கையை நீட்டி ஒரு வெற்றுக் காகிதத்தைக் கொடுத்தாள். "புது அட்ரஸ எழுது. பாப்பம்மா அடுத்தது என்ன ஆட்டம் ஆடுனாங்கன்னு நான் பாக்கணும்."

"கலை!" என்றார் ஜெகதீசன்.

"என்னங்க? படிக்கறதுக்கு என்ன காசா கேக்கறாங்க?"

சசிரேகா பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். எழுதி முடிப்பதற்குள் போன் நான்கு முறை அதிர்ந்தது. ஜூலை ஐந்து. ஜூலை ஆறு. ஐந்தாம் லயம் ஜூனிலிருந்தே ஆரம்பித்திருந்தது.

படியிறங்கினாள். மழை வலுத்திருந்தது. குடை கக்கத்திலேயே இருந்தது. படித்துக்கொண்டு நடக்க அவளுக்கு ஒரு கை வேண்டியிருந்தது, போன் நனையாமல் மூடிப் பிடிக்க இன்னொரு கை.