காரத்தில் ஊறிய நார்

1

இந்தக் கதை கரமனைப் பேருந்தில் எனக்குக் கிடைத்தது. முன்னிருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவளிடம், "அவளுக்கு ஒரு கண்ணு போயாச்சு" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கிவிட்டார்கள். மீதி நானே உண்டாக்கியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தென்னை நாரைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் மேலிருக்கும் மெழுகும் அழுக்கும் கழன்று நார் சொரசொரப்பாகும், பிறகு வார்க்கும் பிசின் அதை இறுகப் பற்றி, அந்தப் பலகை...'

(பாடப்புத்தகம். நிறுத்திவிட்டேன். ஆனால் என் கதையின் ஆஷா தூக்கம் கெட்டுக் கிடந்தது இதற்காகத்தான். அதனால் அடித்துவிடவில்லை.)

2

ஆஷா ஆராய்ச்சி மாணவி. ஆய்வேடு முடியும் தறுவாயில் இருந்தது. மாடம்மாள் அந்த ஆய்வகத்தைக் கூட்டித் துடைப்பவள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். நாரை வடிகட்ட வாளியைச் சாய்க்கும்படி ஆஷாதான் அவளைக் கூப்பிட்டாள். வாளி வழுக்கியது. கரைசல் மாடம்மாள் முகத்தில் தெறித்தது.

உடையாத பாதுகாப்புக் கண்ணாடி அங்கே ஒன்றுதான் இருந்தது. அதை ஆஷா போட்டிருந்தாள்.

(அலறலை எழுதிப் பார்த்தேன். வரவில்லை.)

3

ஆஷாவின் வழிகாட்டி வெங்கடகிருஷ்ணன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நீ கண்ணாடி குடுத்தே, அவதான் கழட்டி வெச்சுட்டா. விசாரணைல இதைச் சொன்னாப் போறும். லேப்பை மூடிட்டா உன் தீசிஸ் என்னாறது?"

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன். ஆனால் மாடம்மாளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவரும் இவர்தான்.)

4

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மாடம்மாள், கட்டுப் போட்ட முகத்தைக் காலடிச் சத்தம் வந்த பக்கம் திருப்பினாள்.

"ஆஷா மோளா? சார் வந்திருந்தாரு. நீ கண்ணாடி தந்த, நாந்தான் கழத்தி வச்சேன்னு சொல்லுதாரு. எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல. உள்ளதா மோளே?"

'இல்லக்கா, அவர் சொன்னது பொய், கண்ணாடியை நான்...'

அப்படித்தான் எழுதினேன். பிறகு அடித்தேன். நான் உண்டாக்கிய ஆஷா அதைச் சொல்பவள் இல்லை.

"ஆமாக்கா."

"அப்பம் என் தப்புதான்." ஆஷாவின் விசும்பல் கேட்டு, மாடம்மாள் கையை நீட்டித் துழாவி அவள் தலையைத் தொட்டாள். "கரையாத மோளே. உன்னய ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

5

ஒரு முடிவில் ஆஷா விசாரணையில் உண்மையைச் சொல்கிறாள். ஆய்வகத்தைப் பூட்டுகிறார்கள். கண் திரும்பவில்லை. இன்னொன்றில் பொய்யைத் திரும்பச் சொல்லிப் பட்டம் வாங்குகிறாள். கண் திரும்பவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

இப்போது விசாரணை அறையில் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. மாடம்மாள் ஆஷாவின் பக்கத்து நாற்காலிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கி, அவள் கையைத் தன் மடியில் பிடித்து வைத்திருக்கிறாள். ஆஷாவை எழுந்து பேசச் சொல்கிறார்கள்.

இனி அவள் வாயில் வார்த்தை வைக்க எனக்குத் தெம்பில்லை. நீங்கள் வையுங்கள். ஆனால் அதற்கு முன் அந்தக் கையை விடுவித்தாக வேண்டும்.