காலி செய்வதற்கு முன்

டயாலிசிஸ் மையத்தின் வரவேற்பு மேசையில் பதினாலு வருஷமாக உட்கார்ந்திருப்பவரை டாக்டர் உட்பட எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போன மாதம் அங்கே ஒரு ஏஐ ஏஜென்ட் வந்து சேர்ந்தது. மேசை மூடியிருக்கும் நேரத்தில் அது போனை எடுக்கும், நோயாளிகளின் நேரத்தை மாற்றிக் கொடுக்கும். வந்த நாளிலிருந்து ஆளாளுக்கு அதைத் தாங்கு தாங்கென்று தாங்கியதால், பெரியக்கா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளையின் லட்சணம் தெரிந்தது. வாரம் மூன்று நாள் வரும் டாக்ஸிக்காரர், வீங்கிய காலோடு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, என் நாற்காலியில வேற யாரோ உக்காந்திருக்காங்க.”

அன்று காலை அவர் மகளுக்கு ஓட்டப்பந்தயம். அதைப் பார்க்கும் ஆசையில், காலைக்குப் பதில் மதியம் கிடைக்குமா என்று முந்தின நாள் சாயங்காலம் போனில் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை முதல் காரியமாகக் காலை நாற்காலியைக் காலி செய்துவிட்டு, அப்புறம் சாவகாசமாக மதியத்தைப் பார்த்திருக்கிறது. மதியம் ஒரு இடம்கூட இல்லை; அதை மட்டும்தான் அவரிடம் சொல்லியிருக்கிறது. காலை நாற்காலியோ அதற்குள் காத்திருப்போர் பட்டியலின் முதல் ஆளுக்குப் போய்விட்டது. மனுஷர் பந்தயத்தை விட்டுவிட்டு இங்கே ஓடி வந்திருந்தார்.

பழுது பார்த்துக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்தைப் பதினோரு மணிக்குள் தயார் செய்துவிடுவதாக டெக்னீஷியன் சொன்ன பிறகுதான் பெரியக்காவுக்கு மூச்சே வந்தது.

“இன்னையோட அந்த ஏஜென்ட்டை நிறுத்திடலாம்,” என்றார் மேனேஜர்.

விட்டது தொல்லை என்று பெரியக்கா நினைத்தபோது, டாக்ஸிக்காரர்தான் குறுக்கே வந்தார். “நிறுத்தாதீங்க சார். பகல் பூரா வண்டியில இருக்கேன். நான் கூப்பிடுற நேரத்துல இங்க போனை எடுக்குறது அது ஒண்ணுதான்.”

மேனேஜர் சாயங்காலம் வரை தவணை கொடுத்தார். ஏஜென்ட்டை அமைத்துக் கொடுத்த மென்பொருள் பெண்ணைப் பெரியக்கா பிடித்துக்கொண்டார். “உன் மாப்பிள்ளைக்கு மூளை இருக்கா இல்லையா?”

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். “அதுகிட்ட மூணு கருவி இருக்கு அக்கா. ஒவ்வொண்ணுக்கும் இந்த விளக்கத்தைத்தான் படிக்குது. இதைத் தாண்டி இந்த இடத்தைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

பார்: காலி நேரங்களைக் காட்டும். பதிவு: நாற்காலியைப் பதிவு செய்யும். காலி: நாற்காலியைக் காலி செய்யும்.

எழுதியது சாட்சாத் பெரியக்காவேதான். டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டு, இதுக்கு மேல என்ன எழுதணும் என்று கேட்டதும் அவரேதான். புது இடம் கைக்கு வந்த பிறகே பழையதை விடுவது அவருக்குக் கைப்பழக்கம். தெரிந்த விஷயத்தை யாராவது எழுதிவைப்பார்களா? முகம் சுருங்கிப்போயிற்று. நேராக மேனேஜரிடம் போய், “தப்பு என்னோடது சார்,” என்றார்.

திரும்பி வந்து எழுத உட்கார்ந்தார். ‘கவனம்! மிக மிகக் கவனம்!’ என்று ஆரம்பித்ததும் பெண் சிரித்துவிட்டாள். “அதட்டுறதால ஒண்ணும் ஆகாது அக்கா. இதைத் தொட்டா என்ன நடக்கும், எப்பத் தொடலாம், எப்பக் கூடாது, அதைச் சொல்லுங்க. இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த ஆள் படிக்குறதா நினைச்சுக்கோங்க.”

பெரியக்கா அடித்து அடித்து எழுதினார்.

‘காலி: நோயாளியின் நாற்காலியைக் காலி செய்யும். அந்த நொடியே அது பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும், திரும்பப் பெற முடியாது. நேரம் மாற்றக் கேட்டால் இதில் தொடங்கக் கூடாது. முதலில் ‘பார்’, பிறகு ‘பதிவு’. உறுதி எண் வந்த பிறகு, நோயாளியிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் இது. புது நேரம் கிடைக்காவிட்டால் பழையதைத் தொடக் கூடாது.’

பழைய விளக்கத்தை எடுத்துவிட்டுப் பெண் இதை ஏற்றினாள். மதியம் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருந்த டாக்ஸிக்காரருக்கு மகளின் போன் வந்தது. இறுதிப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாளாம். சனிக்கிழமை காலையாம். சனிக்கிழமை காலை அவருடைய டயாலிசிஸ் நேரம். அவர் போனை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெரியக்காவிடம் விஷயத்தைச் சொன்னார்.

“இன்னொரு தடவை அதுகிட்ட கேட்டுப் பாக்குறீங்களா?” என்றார் பெரியக்கா. கேட்கவே கூச்சமாக இருந்தது.

பெரியக்கா போய் மேசை போனை ஏஜென்ட்டுக்குத் திருப்பிவிட்டு வந்ததும், டாக்ஸிக்காரர் தயங்கித் தயங்கி எண்ணை அழுத்தினார். சனிக்கிழமை மதியம் கிடைக்குமா என்று கேட்டார்.

“மதியம் ரெண்டு மணிக்கு ஒரு நாற்காலி உங்க பேர்ல பதிவு பண்ணிட்டேன்,” என்றது ஏஜென்ட். “உறுதி எண் அனுப்பியிருக்கேன், வந்துச்சா? காலை நாற்காலியும் இன்னும் உங்களோடதுதான். காலி பண்ணினா திரும்பக் கிடைக்காது. பண்ணட்டுமா?”

அவர் பெரியக்காவைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட நாக்கு துடித்தது பெரியக்காவுக்கு. சொல்லவில்லை. அது அவர் நாற்காலி.

டாக்ஸிக்காரர் உறுதி எண்ணை இரண்டு தடவை படித்தார். “பண்ணிடு,” என்றார்.

அடுத்த நிமிஷமே மகளைக் கூப்பிட்டார். “சனிக்கிழமை நான் வர்றேம்மா,” என்றார். “இல்லம்மா, நிஜமாத்தான்.”